இம்மியும் பிசகாதவர் யார்?

(சேரன்மகாதேவியில் நூலக வார விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, பேரூராட்சி மன்றத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டிருக்கும் நூலகர் அவர்களே, வாசகர் வட்டத்து அண்ணாச்சிமார்களே, முன்வரிசைப் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம். வட்டாட்சியர் அவர்கள் இத்தனை வேலைக்கு நடுவிலும் வந்திருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போது பேசக் கிடைத்தது என் பாக்கியம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

தப்பே செய்யாதவரை, தப்பே நேராத ஒன்றைத் தமிழில் எப்படிச் சொல்கிறோம் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. இலக்கணம், கணக்கு, ஆறு என்று மூன்று இடங்களில் தேடலாம் என்று வந்திருக்கிறேன்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நம் சொற்களைப் பாருங்கள்: பிழையற்றவர், மாசற்றவர், அப்பழுக்கில்லாதவர், வாக்குத் தவறாதவர், குறி தப்பாதவர். எல்லாவற்றிலும் குற்றம்தான் முதலில் வந்து நிற்கிறது. பிறகுதான் ‘அற்ற’, ‘இல்லாத’ என்று சேர்த்து அதை விலக்குகிறோம். அவ்வளவு எச்சரிக்கை! வள்ளுவர் 503ஆம் குறளில் ‘அரியகற்று ஆசற்றார்’ என்று ஒருவரை உயர்த்திவிட்டு, அடுத்த மூச்சிலேயே, ஆராய்ந்து பார்த்தால் அவரிடமும் அறியாமை இல்லாமல் இருப்பது அரிது என்கிறார்.

இலக்கணத்தில் பிழைக்குப் பெயர் வழு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வகை. பிழையில்லாமல் சொன்னால் வழாநிலை. இதோடு விடவில்லை. பிழையாக இருந்தாலும் காரணம் இருந்தால் ஏற்றுக்கொள்ள வழுவமைதி என்று ஓர் இடம் வைத்தார்கள். வீட்டுப் பசுவைப் பார்த்து மகிழ்ச்சியில் ‘என் அம்மை வந்தாள்’ என்கிறோமே, அது இலக்கணப்படி வழுதான். ஆனாலும் சரி என்று விட்டுவிட்டார்கள்.

கணக்கில் முந்திரி என்றால் 1/320. அதற்குக் கீழே கீழ்முந்திரி. அதற்கும் கீழே இம்மி. ‘இம்மியும் பிசகாமல்’ என்பது அங்கிருந்து வந்தது.

பசு என்றதும் நம் கன்னடியன் கால்வாய்க் கதையைச் சொல்லாமல் எப்படி? கன்னட நாட்டிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். சேர நாட்டு அரசரிடம் தானமாகப் பெரும் பொன் கிடைத்தது. அதை மூட்டை கட்டி, துவரை என்று சொல்லி அம்பாசமுத்திரத்தில் ஒருவரிடம் கொடுத்துவைத்தார். திரும்பி வந்து கேட்டால், அந்த மனிதர் பொன்னை எடுத்துக்கொண்டு நிஜத் துவரையைக் கட்டிக் கொடுத்துவிட்டார்! ‘நீ கொடுத்தது துவரைதானேப்பா?’ கன்னடியர் விடவில்லை. இறைவன் முன்னால் முறையிட்டுப் பொன்னை மீட்டார். இதை எந்த நல்ல காரியத்துக்குச் செலவழிக்கலாம் என்று அகத்தியரிடம் போனார். ‘வழியில் ஒரு பசு வரும். அது போகிற தடத்தில் கால்வாய் வெட்டு, கோமியம் விட்ட இடத்தில் மடை வை, படுத்த இடத்தில் குளம் தோண்டு’ என்றாராம் முனிவர். பசு நடந்தது, அவர் வெட்டினார். மட்டம் பார்க்க ஆளில்லை, அளக்கக் கயிறில்லை. அந்தத் தடத்தில் இன்றும் தண்ணீர் போகிறது. ஆனைக்கும் அடி சறுக்கும். அந்தப் பசுவுக்குச் சறுக்கவில்லை என்பதுதான் நம் பாட்டிமார் சொன்ன கதை.

இனி ஆற்றுக்கு வருகிறேன். மழை வராவிட்டால் ‘பொய்த்துவிட்டது’ என்கிறோம். காவிரியைப் பட்டினப்பாலை ‘வான்பொய்ப்பினும் தான்பொய்யா’ என்று பாடியது. ‘பொய்யாத’ என்ற அந்தச் சொல்லுக்கு இன்று உரிமையுள்ளது நம் பொருநை, அதாவது தாமிரபரணி. பொதிகையில் பிறந்து, தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கி, எட்டு அணைக்கட்டுகளில் வயலுக்குப் பங்கு கொடுத்து, புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. 1992லும் 2023லும் வெள்ளம் வந்ததே, ஆனைக்கும் அடி சறுக்கியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அது தன் வழியில்தான் வந்தது. பல இடங்களில் அந்த வழியில் குறுக்கே நின்றது நாம்.

இப்போது அந்த ஆற்றுக்கு நாம் கொடுப்பது என்ன? பாபநாசத்தில் பரிகாரம் என்று கழற்றி விடுகிற துணிகள். கரையோர ஊர்களின் சாக்கடை. மாநகரத்தின் கழிவுநீர். பிள்ளைகளைக் குளிக்க அனுப்ப யோசிக்கிற நிலைக்கு வந்துவிட்டோம். இதைச் சொல்லாமல் சொல்லாராய்ச்சி செய்துகொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

வட்டாட்சியர் அவர்களே, சுத்திகரிக்காத ஒரு சொட்டும் ஆற்றில் விழக் கூடாது, படித்துறைகளில் துணி போடத் தனித் தொட்டி வேண்டும் என்று மனு எழுதி வைத்திருக்கிறோம். வாசலில் மேசை மேல் இருக்கிறது. எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். கூட்டம் முடிந்ததும் இந்த மேடையிலேயே அதைத் தங்கள் கையில் கொடுக்கிறோம். நன்றி, வணக்கம்.