நாலரை மணிக்கு வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்கும் தோல் கம்பெனிக்கும் போகிற அம்மாக்கள் காலையிலேயே கம்பெனி வண்டி ஏறிவிடுகிறார்கள். வேலூரில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஷிப்ட். நாலரை மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளை, வீட்டில் பெரியவர்கள் வரும்வரை செல்போனோடு உட்கார்ந்திருக்கிறது. அதே தெருவில், பெற்ற பிள்ளைகளை வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பிவிட்டு, மாலை ஜெபத்தை இரண்டே பேராக முடித்துக்கொள்ளும் கிறிஸ்தவப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நம் விசுவாசத்தை யாரிடம் விட்டுப்போகப்போகிறோம் என்ற ஏக்கம் அவர்களுக்கு உண்டு. இந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் என்ன செய்யலாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வேதத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி ஆசாரியர் ஏலி. அவரிடம் வளர்ந்த சிறுவன் சாமுவேல் அவர் பெற்ற பிள்ளை இல்லை. சொந்தப் பிள்ளைகளான ஓப்னியும் பினெகாசும் கெட்டுப்போனார்கள். அவருக்குக் கண்ணும் மங்கிவிட்டது. அப்படிப்பட்டவரிடம் இரவில் மூன்று முறை, யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டு, சாமுவேல் ஓடிவந்து, "இதோ, இருக்கிறேன், என்னைக் கூப்பிட்டீரே" என்கிறான். மூன்று முறையும் கோபிக்காமல் பதில் சொல்கிறார். மூன்றாம் முறை, கூப்பிடுகிறவர் கர்த்தர் என்று அவருக்குப் புரிகிறது. "சொல்லும் கர்த்தாவே, அடியேன் கேட்கிறேன்" என்று பதில் சொல்லக் கற்றுக்கொடுத்து, பிள்ளையைத் திரும்பப் படுக்க அனுப்பிவிடுகிறார். கூடவே போய் நிற்கவில்லை. எப்படிப் பதில் சொல்வது என்று காட்டிவிட்டு விலகி நிற்பது, அவ்வளவுதான் அடுத்த வீட்டுப் பெரியவரின் வேலை. வேலூருக்கு 1900இல் மருத்துவராக வந்து சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனாலும் அவர் வளர்த்துவிட்ட தலைமுறைகள் எத்தனை என்று இந்த ஊருக்குத் தெரியும்.

முதல் வேலை பிள்ளையிடம் இல்லை, பெற்றோரிடம். அம்மா, அப்பா இருவரும் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் போய் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "செவ்வாயும் வியாழனும் நாலே முக்காலிலிருந்து ஐந்தரை வரை பாப்பா எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கட்டுமா? நாங்கள் வேதக் கதை சொல்வோம், ஜெபம் செய்வோம். உங்களுக்குச் சம்மதமா?" ஜெபத்தையும் வேதத்தையும் மறைத்து "சும்மா விளையாட வரட்டும்" என்று கேட்கக் கூடாது. குறிப்பாக அந்தக் குடும்பம் இந்துவாகவோ முஸ்லிமாகவோ இருந்தால் ஒளிவு மறைவு அறவே ஆகாது. கதை சொல்லுங்கள், ஜெபம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் கதை மட்டும்தான். இரண்டுமே வேண்டாம் என்றால் வீட்டுப்பாடத்துக்கு உதவுங்கள், பல்லாங்குழி ஆடுங்கள். பிள்ளைக்காகச் செய்யும் ஜெபத்தைத் தனியே உங்கள் அறையில் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்குத் தெரியாமல் ஊன்றிய எதுவும் அந்தப் பிள்ளைக்கு நன்மை செய்யாது. வீட்டுக்கும் விசுவாசத்துக்கும் நடுவே அதைக் கிழித்துப்போடும்.

பாதுகாப்பைப் பற்றி வெட்கப்படாமல் பேசிவிட வேண்டும். சந்திப்பு திண்ணையில், அல்லது வாசல் கதவு திறந்திருக்கும் முன்னறையில். முடிந்தவரை வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். "அம்மாகிட்ட சொல்லாதே" என்ற வார்த்தை எந்தக் காரணத்துக்கும் வரக் கூடாது, ஒரு மிட்டாய்க்குக்கூட. தன்னை யாராவது தவறாகத் தொட்டதாகப் பிள்ளை சொன்னால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவித் துருவிக் கேள்வி கேட்காமல் சொல்வதைக் கேட்டுவிட்டு, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ போலீசுக்கோ தெரிவியுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அது உங்கள் கடமை.

இனி அந்த முக்கால் மணி நேரம். வந்த உடனே வேதத்தைத் திறக்காதீர்கள். பிள்ளை பசியோடு வரும். முதலில் ஏதாவது சாப்பிடட்டும், பள்ளிக்கூடத்துச் செய்தி சொல்லட்டும். அதற்குப் பிறகு இருவரும் கையால் செய்கிற ஒரு வேலை இருக்க வேண்டும். நான் சிபாரிசு செய்வது முள்ளுக் கத்தரி. நம்ம இலவம்பாடிப் பக்கத்துக் காய், 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. செம்மண், தொழு உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் சம அளவு கலந்து ஒரு பையில் நிரப்பி, ஒரு மாத நாற்று ஒன்றை நடுங்கள். இரண்டு மாத அளவில் காய்க்கத் தொடங்கும். நுனிக்குருத்து வாடித் தொங்கினால் தண்டுக்குள் புழு. வாடிய இடத்துக்கு ஓரங்குலம் கீழே வெட்டிப் புழுவோடு அழித்துவிடுங்கள். முதல் காய் பிள்ளையின் வீட்டுக் குழம்புக்குப் போகட்டும். கை வேலையாக இருக்கும்போது பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவார்கள். எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்டால் வாயே திறக்காது.

கதைக்குப் பத்து நிமிடம் போதும். ஐந்து முதல் ஏழு வயதுக்கு, பிள்ளைகள் வருகிற கதைகள்: ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த பையன், நாகமான் வீட்டு வேலைக்காரச் சிறுபெண், சாமுவேல். எட்டிலிருந்து பதினொன்று வரை யோசேப்பின் கதை. ஆதியாகமம் 37ஆம் அதிகாரத்தில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு மாலைகளுக்கு வரும். குழியில் தள்ளிய இடத்தில் நிறுத்துங்கள், அடுத்த நாள் தானாக ஓடிவரும். பன்னிரண்டுக்கு மேல் மாற்கு சுவிசேஷத்தை மாறி மாறி வாசிக்கலாம். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்குப் பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் தடுக்கும். முதலில் வீட்டுத் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு வசனத்தை வாசியுங்கள். கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரியுது?" என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறது.

மனப்பாடத்துக்கு 23ஆம் சங்கீதம். ஆறு வசனம், வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று முதலிலிருந்தே தொடங்குங்கள். நான்காம் வசனம் நீளம், மரண இருள் என்ற சொல்லும் பயமுறுத்தும். அதற்கு இரண்டு வாரம் கொடுங்கள். கோலும் தடியும் என்னவென்று விளக்க, சாயங்காலம் ரோட்டில் ஆடு ஓட்டிப் போகிறவரின் கையைக் காட்டினாலே போதும். ஒப்பித்தால் சாக்லேட் என்று பழக்கிவிட்டால், சாக்லேட் நின்ற வாரம் பிள்ளையும் நின்றுவிடும். விருந்தாளி முன்னால் ஒப்பிக்கச் சொல்வது அதைவிட மோசம். மனசுக்குள் வைத்துக்கொள்ள வேண்டியது மேடைப் பொருளாகிவிடும்.

ஜெபம் மூன்று வாக்கியம். பிள்ளை சொன்ன காரியத்தைப் பேர் சொல்லி ஜெபியுங்கள்: கணக்குப் பரீட்சை, தம்பிக்குக் காய்ச்சல், அப்பாவின் கோபம். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள், என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். கேட்டது நடக்காமல் போனதையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஆயாவுக்காக ஜெபித்தும் ஆயா இறந்துவிட்டால், சமாதானம் சொல்ல அவசரப்படாதீர்கள். லாசருவின் கல்லறைக்கு முன் "இயேசு கண்ணீர் விட்டார்" என்ற வசனத்தை வாசித்துவிட்டு, கூட உட்கார்ந்திருங்கள்.

பல பேரிடம் நான் பார்க்கிற தவறுகள் சில. நரகத்தைச் சொல்லிப் பயமுறுத்துவது. "உங்க சாமி" என்று அந்த வீட்டு வழிபாட்டை இழிவாகப் பேசுவது. பிள்ளை கோயில் பிரசாதம் கொண்டுவந்தால் சாப்பிடுவதும் சாப்பிடாததும் உங்கள் மனச்சாட்சி. அன்போடு கொண்டுவந்த கைக்கு முன்னால் முகம் சுளிக்க வேண்டாம். பள்ளி பீஸ் கட்ட உதவ நினைத்தால் பெற்றோரிடம் நேராகக் கொடுங்கள், அதை வேதக் கதையோடு முடிச்சுப் போடாதீர்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, செவ்வாய்க்கிழமை இருப்பதாகச் சொல்லிவிட்டு இல்லாமல் போவது. ஊருக்குப் போவதானால் முந்தின வாரமே சொல்லிவிடுங்கள். கர்த்தர் வாக்கு மாறாதவர் என்று நாம் சொல்வதைப் பிள்ளை நம் வாக்கை வைத்துத்தான் அளந்து பார்க்கும்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளை வருவதைக் குறைத்துக்கொள்ளும். டியூஷன், நண்பர்கள், கூச்சம். கூப்பிட்டுக் கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். தெருவில் பார்த்தால் பேர் சொல்லிச் சிரித்துப் பேசுங்கள். பிறந்தநாளுக்கு ஆண்டுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அந்த ஆண்டு அந்தப் பிள்ளையிடம் நீங்கள் கண்ட ஒரு நல்ல குணம், ஒரு வசனம். வாடகை வீட்டுக்காரர்கள் திடீரென்று வீடு மாறிப்போவார்கள். அதற்குள் புது முகவரியை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், கடிதம் நிற்க வேண்டாம். கல்லூரிக்குப் போகும்போது அந்த ஜெப நோட்டைப் பெற்றோர் முன்னால் கொடுத்துவிடலாம்.

உங்களுக்கு வயதாகிறது, சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. திடீரென்று படுத்துவிட்டால் அந்தச் செவ்வாய்க்கிழமை யார் உட்காருவார்கள்? பெற்றோர் சம்மதத்தோடு, உங்கள் சபையிலிருந்து முப்பது நாற்பது வயதுள்ள நம்பகமான ஒரு சகோதரியை இப்போதே மாதத்துக்கு ஒருமுறை திண்ணைக்கு வரச் சொல்லுங்கள். கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதிலிருந்து அவர் தொடங்கட்டும்.