கிண்ணியாப் பாலத்து நீளத்தில் ஓர் ஓட்டம்

நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலையில் நாற்பது வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கும் என்னைக் கூப்பிட்டு, விரும்பியதைப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். லொறி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், நான் எதைப் பேசுவேன் என்று. புரொப்பலர் சாப்ட். லொறிக்கு அடியில் குனிந்து பார்த்தால் கியர்பொக்ஸிலிருந்து பின் அச்சுக்கு ஒரு நீளக் குழாய் போகும், எஞ்சினின் சுழற்சியைப் பின் சில்லுகளுக்குக் கொண்டுபோவது, அதுதான்.

போன மாதம் கனடாவிலிருந்து தங்கையின் மகன் இரவு பதினொரு மணிக்கு அழைத்தான். அவன் அங்கே டிராக் றேஸ் கார் ஒன்று கட்டுகிறான். டிராக் றேஸ் என்றால் வளைவே இல்லாத ஓட்டம். நின்ற இடத்திலிருந்து நேராகக் கால் மைல், அதாவது 402 மீற்றர். நம்முடைய கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். பாலம் 2009இல் திறக்கும்வரை பாதை என்கிற படகுக்குக் காத்துநின்று அக்கரை போனவர்கள் நாம். அந்தத் தூரத்தை இவனுடைய கார் ஒன்பது விநாடியில் கடந்துவிடுமாம். “1000 குதிரைவலு மாமா, என்ன சாப்ட் போடலாம்?” என்றான்.

நான் திருப்பிக் கேட்டேன்: கார் என்ன பாரம்? பின் டயர் என்ன டயர்? சாப்ட் எவ்வளவு நீளம்? அவனுக்குச் சலிப்பு. குதிரைவலுவைச் சொன்னால் போதாதா என்கிறான்.

போதாது. எஞ்சின் 1000 குதிரைவலுவை நிமிடத்துக்கு 6500 சுற்றில் கொடுத்தால் அதன் முறுக்கு ஏறக்குறைய 1100 நியூட்டன் மீற்றர். முதல் கியர் அதை இரண்டரை மடங்காக்கும். ஒரு மீற்றர் நீளத் தடியால் குழாயைத் திருகுவதாக நினையுங்கள். தடியின் நுனியில் ஐந்தரை மூட்டை சீமெந்தைத் தொங்கவிட்ட மாதிரி. ஆனால் டயர் சறுக்கிச் சுழன்றுவிட்டால் அந்தப் பாரம் சாப்டுக்கு வராது. டயர் பாதையோடு ஒட்டிப் பிடித்தால்தான் வரும். பசை பூசிய ஓடுபாதை, வழவழப்பான மெத்தென்ற டயர், அதன்மேல் பாரமான கார், கிளச்சை ஒரே அடியாக விடும் கால்: சாப்டை முறிப்பவை இவை. அதே எஞ்சினைச் சாதாரண டயரில் ஓட்டினால் சாப்ட் தப்பிவிடும்.

ஒரு கதை சொல்கிறேன். நான் வேலை பழகிய காலம். தம்பலகாமத்திலிருந்து நெல் ஏற்றி வந்த ஒரு லொறி, மூட்டைகளோடு ஒரு மேட்டில் ஏறும்போது, டமார் என்று ஒரு சத்தம். சாப்டின் முன் முனை கழன்று தாரில் குத்திவிட்டது. கோலூன்றிப் பாய்பவன் கோலைக் குத்துவானே, அப்படி. லொறியின் நடு உடம்பு ஒரு முழம் எழும்பி விழுந்ததாம். மெதுவாக வந்ததால் சாரதி பிழைத்தார். நெல் றோட்டெல்லாம். ஊரே கூடி நின்று, குழாய் பழுது, குழாய் பழுது என்கிறது. எங்கள் பாஸ் ஐயா தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டுக் குழாயைத் தெருவில் உருட்டிக் காட்டினார். ஒரு கோணலும் இல்லை. அப்புறம் பள்ளத்திலிருந்து ஒரு துண்டைப் பொறுக்கி என் கையில் வைத்தார். குறொஸ். சாப்டின் முனையைப் பிணைத்து வைத்திருக்கும், சிலுவை மாதிரி நாலு கை நீட்டிய இரும்பு. ஒரு கை முறிந்திருந்தது, கிறீஸ் கண்டு எத்தனை மாதமோ.

அன்றிலிருந்து நான் குழாயைப் பார்க்குமுன் குறொஸைத்தான் பார்ப்பேன். மருமகனுக்கும் அதையே சொன்னேன். அங்கே 1350 என்று ஓர் அளவு கிடைக்கிறது, அதன் கைகளில் மாட்டும் மூடி 30 மில்லிமீற்றர் குறுக்களவு. அதைப் போடு, அதிலும் கிறீஸ் துளை இல்லாததைப் போடு. துளைத்த இடத்தில் இரும்பு குறைவு. லொறிக்குத் துளை வேண்டும், ஒன்பது விநாடி ஓடும் காருக்கு வேண்டாம்.

குத்துவதைத் தடுக்க ஒரு வளையமும் உண்டு. அமெரிக்காவில் டிராக் றேஸ் நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. சங்கம் வேகமான கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. முன் குறொஸிலிருந்து 6 அங்குலத்துக்குள், சாப்டைச் சுற்றி முழு வட்டமாக, கால் அங்குலத் தடிப்பும் 2 அங்குல அகலமும் உள்ள இரும்புப் பட்டை. முறிந்தாலும் முனை தரைக்கு இறங்காது. நெல் லொறிக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

சரி, குழாய்க்கு வருவோம். பிள்ளைகள் கயிறடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் நுனியைப் பிடித்துச் சுற்ற, நடுக்கயிறு வெளியே வளைந்து பறக்கும். குழாயும் ஒரு வேகத்துக்கு மேலே அப்படித்தான். டீசல் லொறியின் எஞ்சினே 3000 சுற்றை எட்டப் பாடுபடும். மருமகனுடைய காரில் 240 கிலோமீற்றர் வேகத்தில் சாப்ட் நிமிடத்துக்கு 7300 தடவை சுற்றும். நீளம் இதில் பெரிய எதிரி: பத்தில் ஒரு பங்கு குறைத்தால் தாங்கும் வேகம் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு கூடும். 3 அங்குலக் குழாயை 4 அங்குலமாக்கினால் மூன்றில் ஒரு பங்கு கூடும். சுவர்த் தடிப்பைக் கூட்டுவதால் இதில் ஒன்றும் ஆகாது, பாரம்தான் மிச்சம். அலுமினியம் போட்டால் வேகம் தாங்கும் என்று நினைக்கிறார்கள். இல்லை. ஒரே அளவுக் குழாயென்றால் இந்த விஷயத்தில் இரும்பும் அலுமினியமும் ஏறக்குறைய ஒன்று. அலுமினியச் சாப்ட் பெருத்திருப்பதால்தான் அந்தப் பெயர். முறுக்குக்குக் குரோமொலி, அதாவது குரோமியமும் மொலிப்டினமும் கலந்த உருக்குத்தான் எனக்குப் பிடித்தது.

கண்ணாடிக்கு அப்பால் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். காபன் பைபர் சாப்ட் பற்றியும் சொல்ல வைத்திருந்தேன்: இலேசு, விறைப்பு, விலை அதிகம், முறிந்தால் நார்நாராகப் போகும். சாப்டின் சாய்வுக் கோணம் படம் இல்லாமல் சொல்ல ஏலாது, விடுங்கள். ஆனால் நீளம் அளக்கும்போது கார் தன் டயர்களில் நிற்க வேண்டும், தூக்கிவைத்து அளந்தால் பின் அச்சு கீழே தொங்கிக் கணக்கு மாறும். மருமகன் தூக்கிவைத்துத்தான் அளந்திருக்கிறான். திரும்ப அளந்து, 4 அங்குலத்துக்குப் புகைக்குழாய் இடம் விடாததால் மூன்றரை அங்குலக் குரோமொலிக்கு ஓடர் கொடுத்துவிட்டான். வளையம் வாங்கினாயா என்று கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை. செய்திக்கு நேரமாகிறதாம், வணக்கம்.