பற்றறுத்தலும் ஜெடாய் சங்கத்தின் வீழ்ச்சியும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஸ்டார் வார்ஸ் கதையுலகின் ஜெடாய் சங்கத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். ஒளிவாள்களும் விண்கலப் போர்களும் நம் எல்லோருக்கும் பழக்கமானவை, அவற்றை விட்டுவிடுகிறேன். ஆயிரம் தலைமுறைக்கு மேலாக அமைதியைக் காத்ததாகச் சொல்லப்படும் ஒரு சங்கம், ஒற்றைக் கட்டளையில் எப்படி நிலைகுலைந்தது? குடியரசின் தலைவராக இருந்துகொண்டே மறைவில் ஜெடாய்களின் பகைவராக இருந்த பல்படீனின் சூழ்ச்சியே காரணம் என்பது வழக்கமான விடை. அந்தச் சூழ்ச்சி நுழைவதற்கான வழியைச் சங்கத்தின் பயிற்சியே திறந்து வைத்திருந்தது என்பது என் துணிபு.

உயிர்கள் அனைத்தையும் ஊடுருவிப் பிணைக்கும் பேராற்றலை உணரக்கூடிய குழந்தைகளைச் சங்கம் மிக இளம் வயதிலேயே பெற்றோரிடமிருந்து பெற்று, தலைநகரக் கோளான கொருசாண்டில் உள்ள தன் கோயிலில் வளர்க்கிறது. பிறகு ஒரு குருவிடம் ஒரு சீடன். பயிற்சி முடிந்து வீரனாகும்போது சீடனுக்குரிய மெல்லிய சடைப்பின்னல் அறுக்கப்படுகிறது. திருமணம் கிடையாது. எல்லா உயிர்களிடத்தும் கருணை வேண்டும், எவரிடத்தும் பற்று கூடாது என்பதே அடிப்படை நெறி. உயர்ந்த நெறிதான், ஐயமில்லை.

1999-இல் வெளியான படத்தில் பேராற்றல் மிக்க ஒன்பது வயதுச் சிறுவன் அனாகின், சங்கத்தை வழிநடத்தும் பன்னிருவர் அவையின் நடுவே நிற்கும் காட்சியைச் சற்று நிதானமாகப் பாருங்கள். அப்போதுதான் தாயைப் பிரிந்து வந்திருக்கிறான். தாயோ பாலைவனக் கோளான டாட்டூயினில் இன்னும் அடிமை. எப்படி உணர்கிறாய் என்று அவையின் மூத்த குரு யோடா கேட்கிறார், குளிர்கிறது என்கிறான். அவன் நினைவு தாயிடம் இருப்பதை அவை கண்டுகொள்கிறது. அவளை இழந்துவிடுவோமென்ற அச்சத்தையும் யோடா சரியாகவே கணிக்கிறார். அச்சம் சினமாகி, சினம் வெறுப்பாகி, வெறுப்பு துன்பத்தில் முடியும் என்று எச்சரிக்கவும் செய்கிறார். நோயை இவ்வளவு துல்லியமாக அறிந்த அவையில், அந்தத் தாயை மீட்க வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பத்தாண்டுகள் கழித்து அவள் மகனின் கைகளிலேயே உயிர் விடுகிறாள்.

2005-ஆம் ஆண்டுப் படத்தில் இதே பிழை மீண்டும் நிகழ்கிறது. மறைவாக மணந்த மனைவி இறப்பதாகக் கனவு கண்டு அனாகின் யோடாவை நாடுகிறான். யாருடைய மரணம் என்பதை அவனால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சொன்னால் சங்கத்தில் இடமில்லை. இழக்க அஞ்சுவதையெல்லாம் விட்டுவிடப் பழகு என்கிறார் யோடா. கோட்பாட்டளவில் குறையற்ற அறிவுரை. தூக்கம் தொலைத்த ஒரு கணவனுக்கு அதில் பற்றிக்கொள்ள எதுவுமில்லை. மனைவியைக் காக்க வழியுண்டு என்று சொன்னவர் பல்படீன் ஒருவரே. போதாக்குறைக்கு, அமைதிக் காவலர்களாகிய ஜெடாய்கள் தங்கள் பெயரால் மறைவாக உருவாக்கப்பட்ட நகல் வீரர் படைக்குத் தளபதிகளாகவும் ஆகியிருந்தார்கள். பல்படீனின் ஒற்றைக் கட்டளையில் அந்தப் படையே அவர்களைச் சுட்டு வீழ்த்தியது. பல்படீன் பேரரசனானார்; அவர் பக்கம் சாய்ந்த அனாகின் டார்த் வேடர் ஆனான்.

1983-இல் வந்த படத்தில், தந்தை டார்த் வேடரைத் தன்னால் கொல்ல முடியாது என்கிறான் அனாகினின் மகன் லூக். அப்படியானால் பேரரசன் ஏற்கெனவே வென்றுவிட்டான் என்கிறார் அனாகினின் குருவாக இருந்த ஓபி-வான். சங்கம் அழிந்த பின்னும் சங்கத்தின் குரல் மாறவில்லை. லூக்கோ தந்தையை வீழ்த்திய பின் வாளை எறிந்துவிட்டு, பேரரசனின் மின்னல் தாக்குதலில் துடித்தபடி தந்தையையே அழைக்கிறான். தந்தை எழுந்து பேரரசனைத் தூக்கி எறிகிறார்.

வேடரை உருவாக்கியதும் பற்றுதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அனாகின் தன் அன்புக்குரியவளை இழக்காமலிருக்கப் பிறர் உயிர்களைப் பலி கொடுத்தான். லூக் தந்தைக்காகத் தன்னுயிரைக் கொடுக்கத் துணிந்தான். பற்றை அடியோடு விலக்கிய கல்வி இவ்விரண்டையும் பிரித்துக் காட்டவில்லை. அதைக் கற்பித்திருக்கக்கூடியவர் என்று எனக்குத் தோன்றுபவர், அவையை எதிர்த்தாவது சிறுவன் அனாகினைச் சீடனாக ஏற்க நின்ற, ஓபி-வானின் குரு குவை-கான் ஜின். பயிற்சி தொடங்குமுன்பே அவர் கொல்லப்பட்டு, அப்போதுதான் சீடப்பருவம் முடித்த ஓபி-வானின் கையில் அனாகின் ஒப்படைக்கப்பட்டதை, அச்சங்கத்தின் மிகப் பெரிய இழப்பாகவே நான் கருதுகிறேன்.