திருமலை வெயிலுக்குப் பலகை வேண்டாம், கப் போதும்

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு எனக்குப் பின்னால் கடலும் இல்லை, கோணேசர் கோயிலும் இல்லை, குசினி மட்டும்தான். பின்னேரம் திருகோணமலை உப்புவெளியில் ஒரு பிறந்தநாள். கடற்கரையோடு ஒட்டின வளவு, கூரை கிடையாது, எல்லாரும் நின்றுகொண்டுதான் சாப்பிடப் போகிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளை இன்ஸ்டாகிராமில் ஷார்க்குட்டரி பலகை பார்த்துவிட்டு அதேதான் வேண்டும் என்று நிற்கிறா. பெரிய மரப்பலகை, அதில் மடித்து மடித்து அடுக்கிய சலாமி, ஹாம், சீஸ், திராட்சை, கொட்டை வகைகள். படத்துக்கு வடிவுதான். ஆனால் திருமலையில் வெளியிடத்து விழாவுக்கு நான் பலகை போடமாட்டேன். கையில் எடுத்துக்கொண்டு போகிற மாதிரி ஆளுக்கு ஒரு கப், இல்லாவிட்டால் ஒரு குச்சி. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பாவில் பலகையில் வைக்கிற இறைச்சி வேறு சாமான். இத்தாலியின் பார்மா ஹாம் என்பது பன்றித் தொடையில் உப்புப் பிடிக்கவைத்து, ஒரு வருடத்துக்கு மேல் தொங்கவிட்டு உலர்த்துவது. அங்கத்தைய சலாமியைப் புளிக்கவைத்து உலர்த்துவார்கள். ஈரம் குறைவு, உப்பு கூட, அதனால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நமக்குக் கடையில் கிடைக்கிற சிக்கன் ஹாம், சிக்கன் சலாமி, சொசேஜஸ் பெரும்பாலும் வேகவைத்துச் செய்தவை. தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருக்கும். பிரிஜ்ஜை விட்டு வெளியே வந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம்.

அமெரிக்க விவசாயத் திணைக்களம் சொல்கிற விதி ஒன்று இருக்கிறது. குளிரில் வைக்கவேண்டிய சாப்பாடு வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெப்பநிலை 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணித்தியாலம்தான். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற சூடான தென்மேல் காற்று அடிக்கிற நேரம் இங்கே 32 எல்லாம் காலையிலேயே தாண்டிவிடும். பலகையை ஐந்து மணிக்கு வைத்தால், கேக் வெட்டி, படம் எடுத்து, மாமாமார் வந்துசேர ஏழு மணி. கப் என்றால் அந்தத் தலையிடி இல்லை. இருபதை வெளியில் வைப்பேன், மிச்சம் ஐஸ் பெட்டிக்குள். முடிய முடிய அடுத்த இருபது. ஐஸுக்குத் திருமலையில் பஞ்சமா? மீன்காரரிடம் சொன்னால் கட்டிக் கணக்கில் வரும். ஐஸை மட்டும் வாங்குங்கள், பெட்டியை இரவல் வாங்காதீர்கள். சீஸ் சூரை மீன் மணக்கும்.

இன்னொரு காரணம் நம்முடைய ஊர்தான். ஒரு விழாவுக்கு வருகிற ஆட்களைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை சைவம், மாட்டிறைச்சி தொடாதவர்கள், கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருகிற முஸ்லிம் கூட்டாளிமார், பாலையூற்றுப் பறங்கிக் குடும்பங்கள். ஒரே பலகையில் ஒரே இடுக்கியால் எல்லாரும் எடுத்தால் சைவக்காரர் சீஸையும் தொடமாட்டார். அவர் செய்வதும் சரிதான். ஆகவே நான் பன்றியும் மாடும் சேர்ப்பதே இல்லை. கோழி மட்டும், அதுவும் பொதியில் ஹலால் அடையாளம் பார்த்து. சைவக் கப்பை வேறு மேசையில் வைத்து, வேறு கத்தியால் வெட்டி, விளிம்பில் பச்சை நூல் கட்டிவிடுவேன். சில சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற ரெனட்டால் உறையவைத்தது, கண்டிப்பான சைவம் என்றால் பொதியை வாசியுங்கள்.

சரி, கப்புக்கு வருவோம். பிளாஸ்டிக் கப் கேட்காதீர்கள், ஒருமுறை பாவித்து எறிகிற கப், கரண்டி, தட்டெல்லாம் 2023 அக்டோபர் 1 முதல் இலங்கையில் தடை. இது கடதாசிக் கப், 200 மில்லிலீற்றர். இதைவிடப் பெரிதாக எடுத்தால் நிரப்பிக் கட்டாது. ஆளுக்கு இறைச்சியும் சீஸும் சேர்த்து ஒரு 60 கிராம் போடுகிறேன், பிறகு சோறு இருக்கிறதே.

அடியில் பாரமான, ஈரமில்லாத சாமான். கஜு, வறுத்த கச்சான் கடலை, பனம்பழக் களியை உலர்த்தின பனாட்டு ஒரு துண்டு. பனாட்டை ஒரு கடி, சீஸை ஒரு கடி கடித்துப் பாருங்கள், வெளிநாட்டு அத்திப்பழத்தைத் தேடி அலையமாட்டீர்கள். அதுக்கு மேல் சீஸ் கட்டிகள். பிறகு குச்சி. குச்சியில் கோர்க்கிறபோது நுனியில் பழம், நடுவில் நாலாக மடித்த சலாமி, கீழே வெள்ளரிக்காய். சலாமியை விரித்துக் கோர்த்தால் துணி காயப்போட்ட மாதிரி தொங்கும், மடித்தால்தான் கடிக்க வரும்.

கொழுப்புக்கும் உப்புக்கும் எதிரே ஒரு புளிப்பு வேண்டும். ஒலிவ் காய் விலையைக் கேட்டால் காய்ச்சல் வரும், அதனால் மாங்காய் அச்சாறு. நீரை நன்றாக வடித்துவிட்டுப் போடுங்கள். வெளிநாட்டுக்காரர் வெங்காய ஜாம் வைக்கிற இடத்தில் நான் சீனிச்சம்பல் வைக்கிறேன். சைவக் கப்புக்கு மாசிக் கருவாடு போடாமல் தனியாகக் கிளறியது. இதோ இந்த வெள்ளை உருண்டை எருமைத்தயிர். துணியில் கட்டி இரவு முழுக்கப் பிரிஜ்ஜில் தொங்கவிட்டு, உப்பும் மிளகும் சேர்த்து உருட்டினது. கடைச் சீஸைவிட இதுதான் முதலில் முடியும்.

மொறுமொறுப்புக்கு எல்லாரும் கிரீம் கிராக்கர் குத்துவார்கள். கடற்காற்றில் அது பத்து நிமிடம் தாங்காது. நான் தட்டையாக மொறுமொறுவென்று பொரிக்கிற பருத்தித்துறை வடை. கப்பின் ஓரத்தில் ஒன்றைச் செருகிவிட்டால் அதையே கரண்டியாகவும் பாவிக்கலாம். எதுவானாலும் கையில் கொடுக்கிற நேரம்தான் செருகவேண்டும்.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் கப்பில் கச்சான், கஜு இல்லை, கூரான குச்சியும் இல்லை. திராட்சையையும் சொசேஜஸையும் நீளவாக்கில் நாலாகப் பிளந்து கொடுங்கள். வட்டமாக வெட்டினால் தொண்டையில் அடைக்கும். வளைகாப்புக்குச் செய்து தருவீர்களா என்று ஒரு அக்கா கேட்டிருந்தா. செய்யலாம் அக்கா, ஆனால் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவவுக்குக் குளிர்ந்த ஹாம், சலாமி வேண்டாம். லிஸ்டீரியா என்கிற கிருமி பிரிஜ் குளிரிலும் வளரும். அவவுக்கு ஆவி பறக்கச் சூடாக்கின கோழி, காய்ச்சின பாலில் செய்த கட்டிச் சீஸ், கழுவின பழம்.

முதல்நாள் இரவே செய்து வைக்கலாமா என்றும் கேட்கிறீர்கள். இறைச்சி, சீஸ் குச்சிகளை வைக்கலாம், மூடி, 5 பாகைக்குக் கீழே. பழத்தை அன்றைக்கே வெட்டுங்கள், ஆப்பிள் என்றால் தேசிக்காய்ப்புளி தடவுங்கள். கரண்ட் போய்ப் பிரிஜ் நாலு மணித்தியாலத்துக்கு மேல் நின்றுவிட்டால் ருசி பார்க்கவே வேண்டாம், இறைச்சியைக் கொட்டிவிடுங்கள். காசு போகுதே என்று மணந்து பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள், வருத்தம் தருகிற கிருமி எல்லாம் மணக்காது.

ஓட்டோ வந்துவிட்டது, ஐஸ் பெட்டியை ஏற்றவேண்டும். விலை விபரம் கேட்கிறவர்கள் கீழே எழுதுங்கள், இரவைக்கு வந்து பதில் போடுகிறேன்.