உள்ளே ஆள் இருக்கு

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இருபத்தைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ஜப்பானியத் தொலைக்காட்சி நாயகன் அல்ட்ராமேனுக்குக் கிடைப்பது மூன்றே நிமிடம்தான். அதற்குள் நாற்பது மீட்டர் உயரத்துக்கு எழுந்து நின்று, ஒரு பூதத்தோடு கட்டிப்புரண்டு, நாலைந்து கட்டிடங்களை நொறுக்கி, இரண்டு கைகளையும் கூட்டல் குறி மாதிரி வைத்து ஒளியைப் பாய்ச்சி, வந்த வழியே பறந்துவிட வேண்டும். நெஞ்சில் இருக்கிற நீல விளக்கு சிவப்பாக மாறிச் சிமிட்டினால் நேரம் ஆகிவிட்டது என்று அர்த்தம். எனக்கு அந்த மாதிரி விளக்கு எதுவும் இல்லை. முன்வரிசையில் யாராவது கொட்டாவி விட்டால் புரிந்துகொள்கிறேன்.

எனக்கு வயது நாற்பத்தாறு. வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரி நிறைய சோஃபுபி வைத்திருக்கிறேன். சோஃபுபி என்றால் மென்மையான வினைலில் செய்த பொம்மை, ஜப்பானில் இந்தப் பூதங்களை ஒவ்வொன்றாக அப்படித்தான் வார்த்து விற்கிறார்கள். வீட்டுக்கு வந்த அத்தை ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டு, "பையனுக்கு வாங்கினதா?" என்று கேட்டார். "இல்ல அத்தை, எனக்குத்தான்" என்றேன். அப்புறம் அவர் என்னிடம் பேசிய தொனியே மாறிவிட்டது. அது பரவாயில்லை. அவர் கூடவே வந்த மாமா ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள், அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று இங்கே நிற்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். "ஏம்ப்பா, உள்ள ஆள் இருக்கறது அப்பட்டமா தெரியுதே, இதப் போயி எப்படிப் பாக்குற?"

முதலில் கதைச் சுருக்கம், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். எய்ஜி சுபுராயா என்று ஒருவர், 1901-ல் ஃபுகுஷிமா மாவட்டத்து சுகாகவாவில் பிறந்தவர். 1954-ல் வந்த ‘காட்ஸில்லா’வின் தந்திரக் காட்சிகள் அவர் கைவண்ணம். ‘கிங் காங்’ மாதிரி பொம்மையை ஒவ்வொரு படமாக நகர்த்தி எடுக்கத்தான் அவருக்கு ஆசை, ஆனால் கையில் இருந்த நேரத்துக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் ஓர் ஆளுக்கு ரப்பர் சட்டையை மாட்டி, சின்னச் சின்னக் கட்டிடங்களுக்கு நடுவே நடக்கவிட்டு, கேமராவை வேகமாக ஓட்டினார். வேகமாக ஓட்டி எடுத்ததைச் சாதாரண வேகத்தில் போட்டால் அசைவு மெதுவாகும், மெதுவானால் கனம் வந்துவிடும். எழுபது கிலோ மனிதன் எடுத்து வைக்கிற காலடி ஆயிரக்கணக்கான டன் காலடியாகிவிடும். இந்த வகைப் படப்பிடிப்புக்கே அங்கே தொக்குசாட்சு என்று பெயர். தண்ணீரும் நெருப்பும் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. எவ்வளவு சின்ன கப்பல் செய்தாலும் தண்ணீர்த் துளி சின்னதாகாது இல்லையா, அதில்தான் குட்டு உடையும். எனக்கு அந்தக் குட்டு உடைகிற இடமும் பிடிக்கும்.

1966 ஜனவரி 2 அன்று டிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘அல்ட்ரா கியூ’ என்ற கருப்பு வெள்ளைத் தொடர் ஆரம்பித்தது. அதில் பூதங்கள் உண்டு, நாயகன் கிடையாது. அது முடிந்த கையோடு ஜூலை 17 அன்று வண்ணத்தில் ‘அல்ட்ராமேன்’. அதற்கு முந்தின வாரம், ஜூலை 10 அன்று, படம் தயாராகாததால் மேடை நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்து ஒளிபரப்பி ஒப்பேற்றினார்கள். அந்த ஒப்பேற்றிய நாளைத்தான் இன்றைக்கு ‘அல்ட்ராமேன் தினம்’ என்று கொண்டாடுகிறோம். முப்பத்தொன்பது வாரம் ஓடியது, சராசரியாக 36.8 சதவீத வீடுகளில் பார்த்தார்கள். நிறுத்தியதற்குக் காரணம் கூட்டம் குறைந்தது அல்ல, வாரா வாரம் எடுத்துத் தர முடியாமல் மூச்சு முட்டியதுதான். அதன் பிறகு செவன், ஏஸ், டாரோ, லியோ, 1996-ல் டிகா, 2020-ல் ஸெட், 2023-ல் பிளேஸர் என்று நடு நடுவே நின்று நின்று ஓடிக்கொண்டே இருக்கிறது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னால் பஸ்ஸை விட்டுவிடுவீர்கள்.

சரி, உள்ளே இருந்த ஆள்.

அவர் பெயர் பின் ஃபுருயா. ஆறடிக்குக் கொஞ்சம் கீழே உயரம், நீளமான கை கால். முகம் தெரிகிற நடிகனாக வேண்டும் என்று கனவோடு டோஹோ திரைப்பட நிறுவனத்துக்கு வந்த இளைஞர். ‘அல்ட்ரா கியூ’வில் கெமூர் என்ற வேற்றுக்கிரகவாசி வேஷத்தை அவர் கட்டி ஓடியதைப் பார்த்த வடிவமைப்பாளர் டோரு நரிதா, அந்த உடம்பு வாகுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நரிதா சிற்பி, முகத்தில் புத்தர் சிலையின் மெல்லிய சிரிப்பைப் போல ஒன்றைக் கொண்டுவந்தவர். ஃபுருயாவுக்கு வருத்தம், முகமே தெரியாதே என்று. கடலில் முக்குளிப்பவர்கள் போடுகிற ரப்பர் உடைத் துணியில் தைத்த சட்டை, ஸ்டுடியோ விளக்குச் சூடு, பார்ப்பதற்கு ஊசித் துளை அளவு ஓட்டை, சுற்றிலும் வெடி. குனிந்து, கைகளை முன்னால் நீட்டி, எப்போதும் கொஞ்சம் பதுங்கியே நிற்பாரே அல்ட்ராமேன், அந்த நிலையை ஜேம்ஸ் டீன் கத்திச் சண்டையில் நிற்பதைப் பார்த்துப் பிடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள், ‘போதும்டா சாமி’ என்று முடிவு செய்து, வேலையை விடுவதாகச் சொல்ல பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். வழியில் சில பிள்ளைகள் ஏறினார்கள். ஏறியதிலிருந்து அல்ட்ராமேன் பேச்சுதான், கண்ணெல்லாம் மின்ன மின்ன. எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள்தான் அது என்று அவர்களுக்குத் தெரியாது. ஃபுருயா போய் சட்டையை மாட்டிக்கொண்டார். இதையும் அவர்தான் பின்னாளில் சொன்னார். அடுத்து வந்த செவனில் அவருக்கு முகம் தெரிகிற வேஷம் கொடுத்தார்கள், அமாகி என்ற வீரராக. செவனை மறுபடி பார்க்கும்போதெல்லாம் அமாகி வந்தால் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன்.

இங்கே ஒரு சண்டையைச் சொல்ல வேண்டும், எங்கள் கூட்டத்துக்குள் ஓயாத சண்டை. நரிதாவுக்குத் தான் வடித்த அல்ட்ராமேனில் மூன்று விஷயம் பிடிக்கவே இல்லை: கண்ணில் போட்ட பார்வைத் துளை, முதுகு ஜிப்பை மறைக்க வைத்த துடுப்பு, நெஞ்சு விளக்கு. 2022-ல் வந்த ‘ஷின் அல்ட்ராமேன்’ படத்தில் அவர் ஆசைப்பட்டபடியே மூன்றையும் எடுத்துவிட்டார்கள். ஷிஞ்சி ஹிகுச்சி இயக்கம், ஹிதேகி அன்னோ எழுத்து. அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்தத் துளை வேண்டும். அந்தத் துளை வழியாக ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் எனக்குப் பாதி படம். வேடிக்கை என்னவென்றால், கணினியில் செய்த அந்த உடம்புக்கும் அசைவு வேண்டுமே, அதற்கு யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? எண்பதை நெருங்கிய ஃபுருயாவை, அப்புறம் அன்னோவையே. இந்த அன்னோ யாரென்றால், 1983-ல் நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாக ஓர் அல்ட்ராமேன் படம் எடுத்தவர். காகிதத்தில் வெட்டி ஒட்டிய கட்டிடங்கள். அல்ட்ராமேன் அவர்தான், முகமூடி கிடையாது, மேலே ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு தன் சொந்த மூஞ்சியோடு கட்டிடங்களுக்கு நடுவே எழுந்து நிற்கிறார். முதல் நிமிடம் சிரிப்பு வரும். ஐந்தாவது நிமிடம் பூதம் எந்தப் பக்கம் போகிறது என்று பதற ஆரம்பித்துவிடுவீர்கள். மாமாவுக்கு நான் அதைத்தான் போட்டுக் காட்டியிருக்க வேண்டும்.

பூதங்களுக்கு வருவோம், அவர்களுக்கும் உள்ளே ஆள் உண்டு. பணத் தட்டுப்பாட்டில் பழைய சட்டையையே மாற்றி மாற்றிப் போட்டார்கள். பத்தாவது கதையில் வருகிற ஜிராஸ் வேறு யாரும் இல்லை, காட்ஸில்லாவின் கழுத்தில் ஒரு விசிறிக் காலரை மாட்டிவிட்டதுதான், சண்டைக்கு நடுவே அல்ட்ராமேன் அந்தக் காலரைப் பிய்த்தும் விடுகிறார். பால்டன் என்ற நண்டுக் கைக்காரர், முந்தின தொடரில் சில்வண்டு மனிதனாக வந்தவர்.

நடுவே ஓர் உபகதை. 1974-ல் தாய்லாந்தோடு சேர்ந்து எடுத்த ஒரு படத்தில் ஆறு அல்ட்ரா சகோதரர்களோடு நம் ஆஞ்சநேயரும் வருகிறார், ராமாயணம் அங்கே ராமகியென் ஆகி ஊறிய ஊர் அல்லவா. அந்தக் கூட்டு பிறகு உரிமைத் தகராறாகி நாலு நாட்டு நீதிமன்றப் படியேறி, 2018-ல் அமெரிக்க நீதிமன்றம் ஜப்பான் பக்கம் தீர்ப்பு சொல்லும் வரை இழுத்தது. அந்த வருஷங்களில் வெளிநாட்டில் இருந்த எங்களைப் போன்றவர்கள் ஒரு நல்ல பிரதிக்காக அலைந்த அலைச்சல் தனிக் கதை. ஒருமுறை பணம் கட்டி வரவழைத்த டிவிடி பெட்டியைத் திறந்தால் உள்ளே யாரோ டிவி திரையை கேமராவில் எடுத்த படம், ஓரத்தில் திரைச்சீலை ஆடுகிறது. இப்போது புதுத் தொடர்களை வாரா வாரம் யூடியூபிலேயே போட்டுவிடுகிறார்கள். இன்றைய பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்.

இந்தக் கதைகளை யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியவே பல வருஷம் ஆனது. முதல் கதையில் கை வைத்தவரும், அல்ட்ராமேன் தோற்றுப்போகிற கடைசிக் கதையை எழுதியவரும் டெட்சுவோ கின்ஜோ, ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவாக்காரர். ஒகினாவாப் போர் நடந்தபோது சிறுவன், அந்தப் போரில் அவர் அம்மா ஒரு காலை இழந்தார். அவர் டோக்கியோவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ஒகினாவா அமெரிக்காவின் கையில் இருந்தது, சொந்த ஊருக்குப் போய்வரத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். செவனில் அவர் எழுதிய ஒரு கதையில் கடலுக்கடியில் இருந்து ஒரு கூட்டம் வந்து, இந்த பூமி முதலில் எங்களுடையது, மனிதர்கள்தான் எங்களைத் துரத்தினார்கள் என்கிறது. கதை முடியும்போது பாதுகாப்புப் படைத் தலைவர் அவர்களுடைய நகரத்தை அழித்துவிட்டு, கடலும் நம்முடையதுதான் என்று சந்தோஷமாகக் கத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு, சிறுவர் நிகழ்ச்சியில்! இது ஒகினாவாவைப் பற்றித்தான் என்று சிலர் சொல்வார்கள், இல்லை என்று சிலர் வாதாடுவார்கள். நான் முதல் கட்சி.

அவரோடு சேர்ந்து எழுதிய ஷோஸோ உயேஹரா, அவரும் ஒகினாவா, நாஹா ஊர். 1971-ல் ‘திரும்பி வந்த அல்ட்ராமேன்’ தொடரின் முப்பத்து மூன்றாம் கதை அவருடையது. ஆற்றங்கரையில் ஒரு அனாதைப் பையன் எப்போதும் மண்ணைத் தோண்டிக்கொண்டே இருக்கிறான். ஊர் அவனை வேற்றுக்கிரகத்தான் என்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கழுத்தளவு புதைத்து வைத்துத் தலையில் சேற்றைக் கொட்டுகிறார்கள். ரொட்டி வாங்கக் கடைக்குப் போனால் கடைக்காரம்மா விற்க மறுக்கிறார். மழையில் திரும்பி நடக்கிறவன் பின்னால் அந்தக் கடைப் பெண் குடையோடு ஓடிவந்து ரொட்டியை நீட்டுகிறாள். உன் பரிதாபம் எனக்கு வேண்டாம் என்கிறான் பையன். பரிதாபம் எல்லாம் இல்லை, விற்கிறேன், அவ்வளவுதான், எங்களுடையது ரொட்டிக்கடை ஆயிற்றே என்கிறாள்.

அந்தக் கதையில் அவள் அதற்கப்புறம் வருவதே இல்லை. ஊர் திரண்டு மூங்கில் கம்போடு வருகிறது, உண்மையான வேற்றுக்கிரகத்து முதியவரைக் கூட வந்த போலீஸ்காரர் சுட்டுக் கொல்கிறார், அவர் அடக்கி வைத்திருந்த பூதம் வெளியே வந்ததும் சீக்கிரம் போய்க் கொல்லுங்கள் என்று காவல் படை வீரனிடம் ஊர் கத்துகிறது. அவன், அல்ட்ராமேனாக மாற வேண்டியவன், தரையில் உட்கார்ந்துவிடுகிறான். இதை வரவழைத்தது நீங்கள்தானே என்று அவன் மனசுக்குள் சொல்வது கேட்கிறது. அந்தச் சண்டையை மழையில் எடுத்திருக்கிறார்கள். ஜெயித்தால் கைதட்டத் தோன்றாது. பையன் தோண்டிக்கொண்டேதான் இருக்கிறான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டோக்கியோவில் சோஷிகயா-ஓகுரா ஸ்டேஷனில் இறங்கினேன். சுபுராயா நிறுவனம் முன்பு அந்தப் பக்கம்தான் இருந்தது. ரயில் வருவதற்கு அல்ட்ராமேன் பாட்டின் மெட்டைத்தான் ஒலிக்கவிடுகிறார்கள், வெளியே சிலை ஒன்று நிற்கிறது. அலுவலகம் போகிற கூட்டம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறது. ஒரு தாத்தா மட்டும் நின்று, பேரனின் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்து, தலையை உள்ளே விட்டு, முகம் மட்டும் தெரிகிற மாதிரி செய்து காட்டினார். எனக்குச் சட்டென்று பிடிபட்டது, அது ஜமிலா. ஜப்பானில் மூன்று தலைமுறைப் பிள்ளைகள் சட்டையை அப்படி இழுத்துவிட்டுக்கொண்டு ஜமிலா விளையாடியிருக்கிறார்கள். 1966 தொடரின் இருபத்து மூன்றாம் கதை, மமோரு சசாகி எழுத்து, அகியோ ஜிஸ்ஸோஜி இயக்கம். ஜமிலா பூதம் அல்ல, சொந்த நாடு விண்வெளியில் கைவிட்டுவிட்ட ஒரு விண்வெளி வீரன், தண்ணீரே இல்லாத கிரகத்தில் கிடந்து அப்படி உருமாறிப்போனவன். உண்மையை மறைத்து, பூதமாகவே கொன்றுவிடுங்கள் என்று பாரிஸ் தலைமையகத்தில் இருந்து உத்தரவு வருகிறது.

மீதியை நான் சொல்லப் போவதில்லை. டீ கொடுத்து முடித்ததும் இதே சுவரில் அந்தக் கதையைத்தான் போடப்போகிறோம், இருபத்தைந்து நிமிடம்கூட ஆகாது. வசனம் ஜப்பானிய மொழி, கீழே ஆங்கிலத்தில் எழுத்து வரும். புரியாவிட்டால் நான் கடைசி வரிசையில்தான் இருப்பேன், தாராளமாகக் கேளுங்கள். கடைசி ஐந்து நிமிடம் மட்டும் என்னிடம் எதுவும் கேட்காதீர்கள்.