கனாரிஸின் பெருமை கடலிலா, ஆட்சியிலா?

நடுவர் அவர்களே, அவையோர்க்கு வணக்கம். துருக்கி ஆட்சியை எதிர்த்த கிரேக்க விடுதலைப் போரில் கடல் வீரராகவும், பின்னாளில் கிரேக்கப் பிரதமராகவும் இருந்த கான்ஸ்தந்தினோஸ் கனாரிஸுக்குப் பெருமை சேர்த்தது ஆட்சிப் பணியே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி 1822 ஜூன் இரவைச் சொன்னார். கியோஸ் தீவில் மக்களைக் கொன்று குவித்த துருக்கிப் படையின் தலைமைக் கப்பலைக் கனாரிஸ் தீக்கப்பல் கொண்டு கொளுத்தினார். துருக்கித் தளபதி காரா அலி அந்தத் தாக்குதலில் மாண்டான். எனக்கும் மெய்சிலிர்க்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தீக்கப்பல் சண்டை எப்படி நடக்கும்? எரிபொருளை நிரப்பிய கப்பலை எதிரிக் கப்பலோடு கொக்கி போட்டுப் பிணைத்து, திரியைக் கொளுத்திவிட்டு, பின்னால் கட்டியிருக்கும் சின்னப் படகில் குதித்துத் துடுப்புப் போட வேண்டும். உயிரைப் பணயம் வைக்கும் வேலைதான். ஆனாலும் தப்பிக்க ஒரு படகு உண்டு. ஆட்சியில் ஏது அந்தப் படகு?

அப்புறம், அவர் பிறந்த ப்ஸாரா தீவையே 1824-இல் எதிரிகள் அழித்தார்கள். ஊரை இழந்த மனிதர் நாட்டைக் கட்ட நின்றார். 1862 தொடக்கத்தில் கிரேக்க அரசர் ஓத்தோ ஆட்சி அமைக்க அழைத்தபோது, பதவி கிடைத்தால் போதும் என்று ஓடவில்லை. சீர்திருத்த நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தார். கடைசியில் அவர் தலைமையில் ஆட்சி அமையவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஓத்தோ முடியிழந்தார். ஆட்சி மூன்று பேர் கைக்கு வந்தது, அவர்களில் ஒருவர் கனாரிஸ். அதிகாரத்தை ருசி பார்த்தவர் என்ன செய்தார்? டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்குப் போய், அந்நாட்டின் பதினேழு வயது இளவரசர் ஜார்ஜுக்குக் கிரேக்க முடியைக் கொடுக்கும் தூதுக்குழுவில் நின்றார்! 1864-இல் அவர் பிரதமராக இருந்தபோதுதான் ஆண்களுக்குப் பரவலான வாக்குரிமை தந்த அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது.

சரி, 1877-க்கு வருகிறேன். ரஷ்யாவும் துருக்கியும் போரில் இருக்க, கிரேக்கக் கட்சித் தலைவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாமல் திணறினார்கள். திரிகூபிஸ், தெலியானிஸ், தெலியோர்கிஸ், ஸைமிஸ் ஆகியோர் ஒரே அமைச்சரவையில் உட்கார யார் தலைமை தாங்குவது? எண்பதைத் தாண்டிய கனாரிஸைத்தான் அழைத்தார்கள். முடியாது என்று சொல்லும் வயதில் ஒப்புக்கொண்டார். பிரதமராக இருக்கும்போதே செப்டம்பரில் உயிர் பிரிந்தது.

கடலில் வாங்கிய பேருக்காகத்தான் அழைத்தார்கள் என்று எதிரணி சொல்லும். நடுவர் அவர்களே, அந்தப் பேர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகியும், அரசியல் சேற்றுக்குள் இறங்கியும் கெடவில்லையே, அது எதனால்? எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி.