காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது?

திருகோணமலைச் சபையோருக்கு வணக்கம். மாரி பிறந்து, சோளகம் என்ற தென்மேற்குக் காற்று ஓய்ந்து, வடக்கிலிருந்து வரும் வாடை எழும்பிவிட்டது. தாழமுக்கம் வந்தால் வானொலி சொல்லும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்தாலும் சொல்வார்கள். ஆனால் சூறாவளியின் மையம் நமக்கு வடக்கே போகுமா, தெற்கே போகுமா என்பதைக் கடைசி நேரத்தில் காட்டித்தருவது காற்றுத்தான்.

சூறாவளி கிழக்கேயிருந்து வரும்போது முதலில் வடக்குக் காற்று அடிக்கும். அது மேற்குக்குத் திரும்பினால் மையம் நமக்கு வடக்கே கடக்கிறது. 1964 டிசெம்பரிலும், 2020 டிசெம்பரில் வந்த புரெவியிலும் மையம் திருகோணமலை நகருக்கு வடக்கேதான் கரையேறியது. அப்படியானால் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். கூரைக்கு ஆபத்து, கடல் ஏறுவது குறைவு. வடக்குக் காற்று கிழக்குக்குத் திரும்பினால் மையம் தெற்கே. 1978 நவம்பரில் மட்டக்களப்பை அடித்தது அந்த வகை. கடலைக் கரைமேல் தள்ளுகிற காற்று அது. கரையோர வீட்டில் ஒரு நிமிடமும் நிற்கக்கூடாது. மூதூர்க்காரருக்கு மட்டும் கணக்கு வேறு. அவர்கள் கரை வடக்கைப் பார்த்தது. முதல் காற்றே தண்ணீரைக் கொண்டுவரும். திடீரென்று காற்று செத்துப்போனால் வெளியே வராதீர்கள். மையம் தலைக்குமேல் நிற்கிறது. அடுத்த அடி எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்.

இனிப் படகு. இஞ்சினைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். படகை மணல் திட்டுக்குப் பின்னால் இழுத்து, அடிப்பகுதி முழுவதும் மணலில் படியும்படி இருத்துங்கள். பிறகு அடியிலுள்ள துளையின் அடைப்பானை இறுக்கிப் படகுக்குள் தண்ணீர் நிரப்புங்கள். முந்நூறு லீற்றர் என்றால் முந்நூறு கிலோ பாரம். மரக்கட்டைமேல் தூக்கி வைத்து நிரப்பினால் அந்தப் பாரமே பைபர் அடியை வெடிக்கவைக்கும். தென்னையில் கட்டுவது நம்மவர் பழக்கம். ஆனால் குலையும் மட்டையும் படகுக்குள்ளேயே விழும். மணல் மூட்டையை மூன்றடி ஆழத்தில் புதைத்து, அதில் நைலோன் கயிற்றைக் கட்டுவது நல்லது. இழுபடும்போது நைலோன் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். கயிறு அறுவது பெரும்பாலும் விளிம்பில் உராயும் இடத்தில்தான். அங்கே பழைய குழாய்த் துண்டைச் சுற்றிவிடுங்கள்.

தகரக் கூரை முதலில் ஓரத்தில்தான் கிளம்பும்; ஓர வரிசைக்கு ஆணியை விடக் கொக்கிப் போல்ட் மேல். கிடுகுக் கூரைக்குப் பழைய வலையை விரித்து, நுனிகளில் மணல் மூட்டை தொங்கவிட்டால் ஓரளவு தாங்கும்.

கிணற்றுக்குள் கடல் புகுந்தால் பம்ப் வைத்து முழுக்க இறைக்காதீர்கள். சுனாமிக்குப் பின் கிழக்கில் பல கிணறுகள் அப்படித்தான் இன்னும் உப்பாகின. மணலுக்கடியில் நல்ல தண்ணீர் மெல்லிய படையாக உப்புத் தண்ணீர்மேல் மிதக்கிறது. அதை இறைத்தால் கீழிருப்பது மேலே வரும். சேற்றையும் குப்பையையும் வாளியால் அள்ளிவிட்டு, அடுத்த மழைகள் கழுவும்வரை குடிக்கப் பவுசர் (தண்ணீர் லொறி) தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பாவியுங்கள்.